உறக்கம் சரியில்லையா? குமரி மாவட்டத்தில் எங்கே தொடங்குவது, என்ன செலவாகும், எத்தனை நாளாகும்

எனக்கு 52 வயது. தக்கலைக்குப் பக்கம் வீடு, கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடம் உறக்க மாத்திரை சாப்பிட்டேன். ராத்திரி நாலைந்து முறை விழிப்பு, காலையில் தலைவலி, மத்தியானம் கணக்குப் புத்தகத்தின் மேலேயே கண் சொக்கும். போன டாக்டர்கள் எல்லோரும் "இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும், கவலையை விடுங்கள்" என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு தடவை அக்கா வந்து என் அறையில் படுத்தாள். காலையில் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, ராத்திரி நீ மூச்சே விடாம கெடந்த. நான் பயந்து தட்டி எழுப்புனேன், தெரியுமா?"

எனக்கு இருந்தது உறக்கமின்மை இல்லை, உறக்கத்தில் மூச்சுத்தடை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது, உயிர்க்காற்று (ஆக்சிஜன்) குறைகிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ராத்திரி முழுக்க இதே கதை. உறக்க மாத்திரையும் மதுவும் அந்தத் தசைகளை இன்னும் தளர்த்தும். அதாவது, இரண்டு வருடம் நான் நோயைக் கூட்டும் மருந்தையே விழுங்கியிருக்கிறேன். மாத்திரைக்கு முன்னால், இருப்பது எந்தக் கோளாறு என்று தெரிய வேண்டும். அது தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வாரம் ஆனது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் நாலு வாரத்தில் முடிந்திருக்கும்.

1. இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு பழைய டைரி போதும். தினமும் காலையில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். படுத்த நேரம், உறங்கியிருப்போம் என்று தோன்றும் நேரம், எத்தனை முறை விழித்தோம், எத்தனை முறை சிறுநீருக்கு எழுந்தோம், எழுந்த நேரம், பகலில் உறங்கினோமா, கடைசிச் சாயா எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை. இவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இதில் ஒன்று கூடுதலாக எழுத வேண்டும்: வேலை நேரம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு உறக்க நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். இதைச் சொல்லாவிட்டால், "மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது" என்பதை டாக்டர் வேறு மாதிரி புரிந்துகொள்வார்.

கையில் கட்டும் கடிகாரம் காட்டும் உறக்கக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். தோராயமாகத்தான் அது சொல்லும். "ஆழ்ந்த உறக்கம் குறைவு" என்று அது காட்டியதற்காகவே கவலைப்பட்டு உறக்கம் கெட்டவர்களும் உண்டு.

2. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி

குறட்டை விடுகிறோமா, மூச்சு நிற்கிறதா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் ஒருவரிடம் மூன்று ராத்திரி கவனிக்கச் சொல்லுங்கள். தனியாகப் படுப்பவர் கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது குறட்டையின் சத்தத்தை மட்டும் அல்ல. சத்தம் திடீரென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் அமைதியாக இருந்து, பிறகு திணறலோடு மூச்சு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். என் மகள் ஒன்றரை நிமிட வீடியோ எடுத்தாள். டாக்டர் என் கோப்பில் முதலில் பார்த்தது அதைத்தான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. குறட்டை விடுகிறோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு மூச்சுத்தடை வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்களைப் போல ஊரைக் கூட்டும் குறட்டையாக இல்லாமல், களைப்பு, தலைவலி, விட்டுவிட்டு விழிப்பு என்றே பல பெண்களுக்கு வெளிப்படும். அதனால்தான் "கவலை" என்று தள்ளிவிடுகிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், ஸ்டாப்-பேங் என்று டாக்டர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள் உண்டு. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். பலத்த குறட்டை உண்டா? பகலில் களைப்பா? மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல்நிறைக் குறியீடு 35-க்கு மேலா (ஐந்தடி உயரமென்றால் ஏறத்தாழ 81 கிலோ)? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? "ஆம்" மூன்று வந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தள்ளிப்போடவே கூடாது. எனக்கு ஐந்து வந்தது. ஒல்லியானவர்கள் நமக்கு வராது என்று இருந்துவிட வேண்டாம். தாடை உள்வாங்கியிருந்தாலும், உள்நாக்குச் சதை பெருத்திருந்தாலும் வரும்.

பகலில் வண்டி ஓட்டும்போது ஒரு தடவையாவது கண் அசந்திருந்தால், காரணம் தெரியும்வரை வண்டியைத் தொடாதீர்கள். களியக்காவிளை சாலையில் ஓடும் லாரிகளுக்கு நடுவே இரண்டு விநாடிக் கண்ணயர்வு போதும், உயிர் போய்விடும்.

3. எந்த டாக்டரிடம் போவது

இங்கேதான் நான் மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

குறட்டை, மூச்சு நிற்பது, பகல் உறக்கம் என்றால் நெஞ்சக நோய் டாக்டர், இல்லாவிட்டால் காது-மூக்கு-தொண்டை டாக்டர். படுத்தால் கால் இருப்புக்கொள்ளாமல் ஆட்டத் தோன்றுவது, உறக்கத்தில் கை காலை வீசி அடிப்பது என்றால் நரம்பியல். வாரத்துக்கு மூன்று ராத்திரி வீதம் மூன்று மாதமாக உறக்கமே பிடிக்கவில்லை, குறட்டையும் இல்லை என்றால் மனநல டாக்டர். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உறக்கமின்மைக்குச் சரியான சிகிச்சை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலை ஏழரைக்குள் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். பத்து மணிக்குப் போனால் சீட்டு கிடைக்கும், ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், முடிந்தால் தவிர்க்கலாம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியார் டாக்டரைப் பார்த்தால் 300 முதல் 600 ரூபாய்க்குள் கட்டணம். எனக்கு 400 ஆனது.

முதல் சந்திப்பிலேயே சில ரத்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்: தைராய்டு, ரத்தச்சோகைக்கு ஹீமோகுளோபின், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், மூன்று மாதச் சர்க்கரை அளவு. தைராய்டு குறைந்தால் மூச்சுத்தடை வரலாம், இரும்புச்சத்து குறைந்தால் கால் பரபரப்பு வரலாம். தனியார் ஆய்வகத்தில் இவை எல்லாம் சேர்த்து எனக்கு 1,450 ரூபாய். அரசு மருத்துவமனையில் பார்த்தால் இந்தச் செலவும் மிச்சம்.

இந்தக் கட்டத்தில் எச்சரிக்கை ஒன்று. மருந்துக்கடையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடெம் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். இவற்றில் அல்பிரசோலமும் சோல்பிடெமும் எச்1 பட்டியல் மருந்துகள். டாக்டர் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எனக்குக் குறைத்து முடிக்க பத்து வாரம் ஆனது.

4. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள் (உறக்க மாத்திரைச் சீட்டுகள் முக்கியம்), ரத்தப் பரிசோதனை முடிவுகள், இரண்டு வார டைரி, மருத்துவக் காப்பீட்டு அட்டை. இவற்றோடு, முதலில் பார்த்த டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் ஒன்றைத் தனித்தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிவிடுங்கள். ஓ.பி. சீட்டின் ஓரத்தில் கிறுக்கித் தந்தால் மேலே போகுமிடத்தில் ஏற்க மாட்டார்கள். அந்த ஒரு தாளுக்காக நான் திரும்ப ஒரு நாள் அலைந்தேன்.

மேலே போவதென்றால் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான், நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உறக்கக் கோளாறுகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. ஆனால் நேரே போய்ச் சீட்டு எடுக்கும் இடமல்ல அது. பரிந்துரைக் கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் பார்த்துத்தான் புதியவர்களைப் பதிவு செய்வார்கள். ரயில் ஏறுமுன் தேதி கையில் இருக்க வேண்டும்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரையோடு வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். உங்கள் உறக்கப் பரிசோதனையும், தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியும் அதில் வருமா என்பதை மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

5. ஸ்லீப் ஸ்டடி: வீட்டிலா, ஆய்வகத்திலா

ஸ்லீப் ஸ்டடி என்றால் உறங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை, அது இரண்டு வகை. வீட்டில் செய்வதில் மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். மாலையில் ஒருவர் வந்து மாட்டிவிட்டு, காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவார். எனக்கு 6,000 ரூபாய். மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்கிச் செய்வதில் மூளை அலை, கண் அசைவு, தசை அசைவு, இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். எனக்குச் சொன்ன விலை 14,000. இடத்துக்கு இடம் மாறும், குறைந்தது இரண்டு இடத்தில் கேளுங்கள்.

மூச்சுத்தடைதான் என்று டாக்டருக்குப் பலமான சந்தேகம் இருந்து, இதய நோய், நுரையீரல் நோய் இல்லாவிட்டால் வீட்டுப் பரிசோதனை போதும். அந்தக் கருவி நீங்கள் உண்மையில் எத்தனை மணி உறங்கினீர்கள் என்று அளக்காது. அதனால் கோளாறைக் குறைத்துக் காட்டக்கூடும். முடிவு "இயல்பு" என்று வந்தும் பகல் உறக்கம் தீராவிட்டால், ஆய்வகப் பரிசோதனை கேட்பது உங்கள் உரிமை.

தங்கிச் செய்வதென்றால் "பாதி ராத்திரி கண்டறிதல், மீதி ராத்திரி கருவி பொருத்திப் பார்த்தல்" என்று ஒரே இரவில் இரண்டையும் செய்வார்களா என்று கேளுங்கள். இரண்டாவது ராத்திரியின் செலவு மிச்சமாகும்.

தயாராகும் விதத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும்: தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் இருந்தால் மின்முனைகள் ஒட்டாது. அன்று காலை சீயக்காயோ ஷாம்போ போட்டு நன்றாகத் தலைகுளித்து, எண்ணெய் தடவாமல் போங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் சாயா, காபி வேண்டாம். கட்டன் சாயாவும் சாயாதான். அன்று பகலில் உறங்காதீர்கள். வழக்கமான மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். உங்கள் தலையணையை எடுத்துச் செல்லலாம், அது பெரிய உதவி. பெண்கள் துணைக்கு ஒருவர் தங்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். "இத்தனை வயரோடு எப்படி உறங்குவது" என்று நானும் பயந்தேன். நாலு மணி நேரம் உறங்கினாலே அவர்களுக்குப் போதுமான பதிவு கிடைத்துவிடும்.

முடிவு வர எனக்கு ஐந்து நாள்.

6. முடிவுத்தாளில் பார்க்க வேண்டிய எண்

பத்துப் பக்கம் இருக்கும், பயந்துவிடாதீர்கள். ஏ.எச்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதே அது. 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. எனக்கு 34. ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. அந்தத் தாளைப் பார்த்து என் வீட்டுக்காரர் கண்கலங்கிவிட்டார். இரண்டு வருடமாக நான் அலுத்துக்கொண்டதையெல்லாம் சோம்பல் என்று நினைத்திருந்தார்.

கூடவே உயிர்க்காற்று எவ்வளவு குறைந்தது என்பதையும், மல்லாந்து படுத்தபோது எண் எவ்வளவு என்பதையும் பாருங்கள். மல்லாந்தால் மட்டும் கூடுகிறது, எண் லேசானது என்றால் ஒருக்களித்துப் படுப்பதும் எடை குறைப்பதுமே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும்.

7. கருவி வாங்குமுன் வாடகைக்கு எடுங்கள்

சிபாப் என்பது முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் வைத்திருக்கும் கருவி. பிராணவாயு சிலிண்டர் இல்லை, நுரையீரல் கெட்டுவிட்டது என்றும் பொருள் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் தைரியமாக இதைச் சொல்லுங்கள்.

நான் முதல் மாதம் 4,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன், முன்பணம் தனி. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகையைப் பிறகு 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். முகமூடி தனியாக 5,500. கொடுத்த வாடகையில் ஒரு பகுதியை விலையில் கழிப்பார்களா என்று முதல் நாளே கேட்டு, எழுதி வாங்குங்கள். எனக்கு வாயால் சொன்னார்கள், பில் போடும்போது மறந்துவிட்டார்கள்.

முகமூடியைப் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. படுத்துக்கொண்டு, அழுத்தத்தை ஓடவிட்டு, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் சரியாக இருப்பது படுத்தால் ஒழுகும். சிபாப்பைக் கைவிடுகிறவர்கள் பலர் முகமூடி பொருந்தாமல்தான் கைவிடுகிறார்கள். முதல் முகமூடி என் மூக்கின் மேல் புண்ணாக்கியது. மூக்கை மட்டும் மூடும் சிறிய வகைக்கு மாறிய பிறகுதான் ராத்திரி முழுக்கப் போட முடிந்தது.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றால் யோசியுங்கள். பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதையும் சிக்கலால் 2021 ஜூனில் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. கைமாறி வருவது அந்த வரிசையைச் சேர்ந்ததா என்று வரிசை எண்ணை வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மின்சாரம் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ராத்திரி மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், மலிவான சதுர அலை வகை கருவிக்கு ஆகாது. மின்சாரம் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். முகமூடியில் காற்றுத் துளைகள் உண்டு, உடனே விழித்துக் கழற்றிவிடுவோம்.

கருவியின் ஈரப்பதத் தொட்டியில் மருந்துக்கடையில் கிடைக்கும் வாலைவடிநீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கூடவே கூடாது. கிணற்றுத் தண்ணீர் உப்புப் படியவைக்கும். முகமூடியின் மெத்தைப் பகுதியைத் தினமும் சோப்புநீரில் கழுவி நிழலில் காயவையுங்கள், தொட்டித் தண்ணீரை தினமும் மாற்றுங்கள்.

முதல் வாரம் கஷ்டம்தான். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுப் பழகினேன். ஒன்பதாவது நாள் ராத்திரி ஒரு தடவைகூட எழாமல் ஐந்தரை மணிவரை உறங்கினேன். காலையில் தலைவலி இல்லை. அடுக்களையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

8. காப்பீடு

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசித் தாளில் இரண்டு இடங்களைப் படியுங்கள். பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கிடையாது என்ற விலக்கு பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. சிபாப் போல வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிகளையும் பலவற்றில் விலக்கியிருப்பார்கள். இருந்தாலும் ஜி.எஸ்.டி. பில், டாக்டர் சீட்டு, முடிவுத்தாள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். புதிதாகப் பாலிசி எடுக்கும்போது இந்த நோயை மறைக்கக் கூடாது, பின்னால் வேறு எதற்கோ கேட்கும்போது அதைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

9. மூச்சுத்தடை இல்லை என்று வந்தால்

அப்போது மிச்சமிருப்பது வெறும் உறக்கமின்மையாக இருக்கலாம். அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, சி.பி.டி.-ஐ என்ற பயிற்சி. நாலு முதல் எட்டு சந்திப்புகள். படுக்கையில் விழித்துக்கிடக்கும் நேரத்தைக் குறைத்து, எழும் நேரத்தை உறுதியாக்குவதே அதன் அடிப்படை. ஞாயிற்றுக்கிழமையும் அதே மணிக்கு எழ வேண்டும். இருபது நிமிடம்போல உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும். உறக்கம் வரவில்லையே என்று ஒன்பது மணிக்கே போய்ப் படுப்பதுதான் பலர் செய்யும் தவறு. கவலை மிஞ்சிப்போய் உறக்கம் கெடுகிறவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பால்வெட்டுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு "பத்து மணிக்குப் படு" என்ற அறிவுரை உதவாது. வேலை முடிந்து வந்து உறங்கும் அறையை இருட்டாக்குங்கள், சன்னலுக்குக் கனமான துணி. வேலையின் பிற்பாதியில் சாயாவை நிறுத்துங்கள், குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ராத்திரியும் பகலுமாகச் சேர்த்து ஏழு மணி நேரம் வருகிறதா என்று டைரியில் கூட்டிப் பாருங்கள். அந்தப் பகல் உறக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்று பேசக் கூடாது.

10. கருவி வந்த பிறகு போக வேண்டிய நாட்கள்

முதல் மாத முடிவில் கருவியின் நினைவட்டையை டாக்டரிடம் கொண்டுபோங்கள். ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறோமா, காற்று ஒழுகுகிறதா, எண் எவ்வளவு இறங்கியது எல்லாம் அதில் இருக்கும். எனக்கு 34-லிருந்து 3 ஆனது. மூன்றாம் மாதம் ரத்த அழுத்தத்தைத் திரும்பப் பாருங்கள், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. எடை ஐந்தாறு கிலோ கூடினாலும் குறைந்தாலும் ஆண்டு முடியக் காத்திருக்காமல் போய்க் கருவியின் அழுத்தத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதற்காவது அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் மூச்சுத்தடை இருப்பதை முதலிலேயே சொல்லி, கருவியையும் முகமூடியையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.